கயிற்றை வெட்டச் சொன்னவள்

கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளுக்குக் காது உண்டு என்று ஜெனிட்டா சொன்னபோது, அவளுடைய அக்காள் கணவர் கஸ்பாருக்குப் புரையேறிவிட்டது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கரண்டு போற கம்பிக்குக் காதா? என்னத்தக் கேக்கும்? மீன் பேசுறதையா?"

"மீனும் கேக்கும் அத்தான். கேபிளுக்கு நடுவுல தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி இழை போகுது. அதுக்குள்ள எந்நேரமும் வெளிச்சத்த அனுப்பிக்கிட்டே இருப்போம். கடல்ல எங்கன சத்தம் வந்தாலும் அந்த எடத்துல இழை ஒரு பொட்டு நடுங்கும். நடுங்குன எடத்துலருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். அத வச்சு, எத்தனாவது மீட்டர்ல என்ன சத்தம், வள்ளமா, நங்கூரமா, திமிங்கிலமான்னு மெஷின் சொல்லிரும். ஒங்க இஞ்சின் சத்தத்த நான் ஸ்கிரீனப் பாக்காமலே கண்டுபிடிச்சிருவேன்."

"அப்ப நான் எங்கன வல போடுதேன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஊர்ல எவன்கிட்டயும் சொல்லிராத தாயி" என்று கும்பிட்டார் கஸ்பார். அடுப்படியிலிருந்து மெற்றில்டா அக்காவும் சிரித்தாள்.

சேந்தன்துறைக்கு எதிரே கடலில் காற்றாலைகள் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மொத்தம் அறுபத்து நாலு. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கரைக்கு மின்சாரம் அனுப்பினால் பாதி வழியிலேயே கரைந்துபோகும். அதனால் எல்லாவற்றையும் நடுக்கடலில் ஒரு மேடையில் சேர்த்தார்கள். நாலு இரும்புக் கால்களில் மூன்று மாடிக் கட்டடம் போல நின்ற அந்த மேடைதான் கடல் துணைமின் நிலையம். ஆள் கிடையாது. வந்து சேரும் மின்சாரத்தின் அழுத்தத்தை ஏற்றி, அது கேபிள் வழியாகக் கரைக்கு அனுப்பும். கரையில் இன்னொரு துணைமின் நிலையம் அதை வாங்கி, ஊர்களுக்குப் போகும் கம்பிகளில் சேர்க்கும். ஊரில் அதைக் கரண்டாபீஸ் என்றார்கள். அந்தக் கரண்டாபீஸில் இன்ஜினியராகப் போய் உட்கார்ந்த முதல் சேந்தன்துறைக்காரி ஜெனிட்டா.

கேபிள் போட ஊர் சம்மதித்ததே அவள் பேச்சை நம்பித்தான். "அது நம்ம வள்ளத்தோட சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். கடல்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா நமக்கு முதல்ல தெரியும்" என்று கோயில் முற்றத்தில் மைக் பிடித்துச் சொன்னவள் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. சொன்னது பொய்யும் இல்லை. மூன்று தடவை அந்தக் கேபிள் ஆட்களைக் காப்பாற்றியிருந்தது.

அந்த டிசம்பரில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் ஆறு உடைத்துக்கொண்டது. உள்நாட்டுத் துணைமின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. அனல்மின் நிலையத்தின் கரிக்கிடங்கில் படகு விடலாம் என்றார்கள். நகரத்துக்கு வரும் நிலத்துக் கம்பிகள் எல்லாம் செத்துப்போனபோது, மிச்சம் இருந்தது கடலிலிருந்து வந்த ஒரே ஒரு கேபிள். இருந்த இரண்டு கடல் கேபிள்களில் ஒன்றை ஆவணியிலேயே பழுது பார்க்கக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கரை நிலையத்தின் தலைமைப் பொறியாளர் கோமதிநாயகம் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. ஜெனிட்டாவும் போகவில்லை. சாலை இல்லை.

"சாதாரண நாள்ல நாடு முழுக்க இருக்குற கரண்டு ஒரு தாளம் போடும், நம்ம மேடை அதுக்கு ஏத்தாப்ல ஆடும்" என்றார் அவர், புதிதாக வந்திருந்த டெக்னீஷியனிடம். "இன்னைக்குத் தாளம் போட ஆளே இல்ல. மேடையே தாளம் போட்டு, மேடையே ஆடுது. ஒரு நொடி நின்னுச்சுன்னு வையி, திரும்ப எழுப்ப ஆறு மணி நேரம் ஆகும்."

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் அறை கழுத்தளவு தண்ணீரில் நின்றது. டாக்டரம்மா ஒருத்தர் மணிக்கொரு தரம் போன் செய்தார். குறைமாதப் பிள்ளைகள் பதினொன்று கண்ணாடிப் பெட்டிக்குள், வென்டிலேட்டரில் ஆறு பேர். கரண்டு இருக்குமா, இருக்குமா என்று அதே கேள்வி. இருக்கும் என்று ஜெனிட்டா அதே பதிலைச் சொன்னாள்.

நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குச் சற்று முன்னால், கேபிளின் காது கஸ்பாரின் வள்ளத்தைக் கேட்டது.

இரைச்சலான கடலுக்குள் அந்த இஞ்சின் சத்தம் வடக்கேயிருந்து வந்தது. ஜெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் காற்றில் இவர் எதற்குக் கடலில் நிற்கிறார்? அவள் நினைத்து முடிப்பதற்குள் இஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஏதோ உரசும் சத்தம். திரையில் சிவப்புக் கட்டம் எரிந்தது. ஏழாயிரத்து இருநூறாவது மீட்டரில் நங்கூரம்.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"கஸ்பார் அத்தான், கஸ்பார் அத்தான், ஜெனி பேசுதேன். கேக்குதா?"

"கேக்குது புள்ள" என்றது அவர் குரல், காற்றோடு சேர்ந்து. "இஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டு. காத்து என்னயப் பாரு மேல தள்ளுது. நங்கூரத்தப் போட்டுப் புடிச்சு நிக்கேன்."

பார் என்றால் கடலுக்குள் நீளமாகக் கிடக்கும் பாறைத் திட்டு. நல்ல நாளிலேயே அதன் மேல் அலை உடையும். அன்றைக்கு அது வெள்ளைச் சுவர் மாதிரி எழுந்து விழுந்துகொண்டிருப்பதைக் கரை நிலையத்தின் ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது.

"தனியாவா இருக்கீய? ஒங்க கூட வர்ற டார்வின் எங்க?"

"அவன் பொண்டாட்டி புஷ்பலதாவுக்குத்தான் வலி வந்துட்டு. ரோடு இல்ல. காலைல கடல் வழியாக் கொண்டுபோயி பெரியாஸ்பத்திரில சேத்தோம். அவன் அங்கன இருக்கான். ஒங்கக்கா தேடுவாளேன்னு நான் கெளம்பி வந்துட்டேன்."

கோமதிநாயகம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் கண் திரையில் ஓடிய வேறொரு கோட்டின் மேல் இருந்தது. கேபிளின் மீது விழும் இழுவையைக் காட்டும் கோடு அது. மற்ற இடங்களில் கேபிள் மணலுக்குள் புதைந்து கிடந்தது. பாருக்கு நடுவே உள்ள திறப்பில் மட்டும் அடியில் பாறை, தோண்ட முடியாது. மேலே கற்களைக் கொட்டி மூடியிருந்தார்கள். நாலு நாள் அலை அந்தக் கற்களை உருட்டிவிட்டது. கஸ்பாரின் நங்கூரம் சரியாக அந்த இடத்தில் கேபிளைக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் தூக்க, கோடு ஏறியது. நாற்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தாறு.

"எம்புட்டு தாங்கும் சார்?"

"எண்பதுல கேபிளோட மேல்தோல் கிழியும். கிழிஞ்சு ஒரு துளி உப்புத்தண்ணி போச்சுன்னா போதும், மேடையே கேபிளத் துண்டிச்சிரும்."

"தானா நிக்காம வைக்க முடியாதா?"

"வச்சா வெடிச்சிரும். அப்ப ஆறு மணி நேரமில்ல, ஆறு மாசம்."

ஐம்பத்தொன்று.

"அத்தான், நங்கூரத்த எடுத்து வேற எடத்துல போட முடியுமா?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "கயிறு வீணைக் கம்பியா நிக்குது புள்ள. ஒத்தக் கையா எங்கன தூக்க?"

"வேற நங்கூரம்?"

"ஒண்ணுதான்."

ஜெனிட்டா ஊருக்குப் போன் போட்டாள். இரண்டு வள்ளங்கள் ஏற்கெனவே கடலில் இறங்கப் பார்த்து, கரை அலையில் கவிழ்ந்து, ஆட்கள் நீந்தித் திரும்பியிருந்தார்கள். துறைமுகத்துக்குப் போட்டாள். மீட்புப் படகு இரண்டும் அங்கே இல்லை, வெள்ளத்தில் மாட்டிய கிராமங்களுக்குப் போய்விட்டன, பொழுது சாய்வதற்குள் திரும்பாது என்றார்கள். ஹெலிகாப்டர் இந்தக் காற்றில் எழும்பாது.

ஐம்பத்தெட்டு. இன்னொரு போன் அடித்தது. டாக்டரம்மா. ஜெனிட்டா அதை எடுக்கவில்லை.

"கயித்த வெட்டச் சொல்லணும்மா" என்றார் கோமதிநாயகம்.

"வெட்டுனா நேரா பாரு மேல போவாவ சார்."

"தெரியும்."

"அவிய எங்கக்கா வீட்டுக்காரர்."

"தெரியும்மா. நான் பேசுதேன், குடு."

"நீங்க சொன்னா கேக்க மாட்டாவ."

அவர்கள் இருவருக்கும் அது உண்மை என்று தெரியும். கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மீட்புப் படகு வருதுன்னு சொல்லு. இல்லேன்னா யாரு வெட்டுவா?"

அறுபத்து நாலு.

பிற்பாடு எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். பதினேழு உயிரும் ஒரு உயிரும் என்று தராசில் வைத்துப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. வயர்லெஸ்ஸின் பொத்தான் ஈரமாக இருந்ததுதான் நினைவிருக்கிறது. அது அவள் கையின் வியர்வை.

"அத்தான், கேபிள் ஒங்க நங்கூரத்துல மாட்டியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு இது ஒண்ணுதான் கரண்டு. பச்சப் புள்ளைங்க பெட்டிக்குள்ள கெடக்கு. மீட்புப் படகு கெளம்பிட்டு. இருவது நிமிஷத்துல ஒங்ககிட்ட வந்துரும். கயித்த வெட்டி விடுங்க."

வெறும் காற்றுச் சத்தம். எழுபது.

"எம்புட்டு நேரம்னு சொன்ன?"

"இருவது நிமிஷம் அத்தான்."

"கெளம்பிட்டா?"

"கெளம்பிட்டு."

மறுபடி காற்று. பிறகு, "சரி புள்ள. நீ சொன்னா சரிதான்" என்றார்.

எழுபத்து நாலில் நின்ற கோடு அப்படியே சறுக்கிக் கீழே விழுந்தது. டெக்னீஷியன் வாய்விட்டுக் கடவுளைக் கூப்பிட்டான். நகரத்தில் ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

கேபிள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பாருக்கு நெடுக ஒன்றரைக் கிலோமீட்டர் அது கிடந்தது. ஜெனிட்டா காதில் ஹெட்போனை மாட்டினாள். கோமதிநாயகம் "வேண்டாம்மா" என்று அதைக் கழற்றப் பார்த்தார். அவள் விடவில்லை. எல்லாம் அடங்கும் வரை கழற்றவில்லை.

மூன்றாம் நாள் தெற்கே ஒரு கரையில் கஸ்பாரின் உடல் ஒதுங்கியது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு பேர் தேநீர் குடித்தபடி எழுதினார்கள்: கடும் அலையில் நங்கூரக் கயிறு அறுந்து வள்ளம் பாரில் மோதியது. கேபிள் கேட்டுப் பதிந்த சத்தத்தை அவர்கள் பதிவுப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்கள். காகிதத்தின் அடியில் கோமதிநாயகம் கையெழுத்துப் போட்டார். ஜெனிட்டாவும் போட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மேசையில் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

ஊரிலும் அவள் அதையேதான் சொன்னாள். கயிறு அறுந்துட்டு. ஒரே அலைதான். வலி தெரிஞ்சிருக்காது. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். மெற்றில்டா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் தங்கையைத் தேற்றினாள் என்று ஊரே பேசியது. ஜெனிட்டாவுக்கு அந்தக் கை தலையில் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

புஷ்பலதா பெண் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தாள். எட்டாம் மாதப் பிள்ளை, உள்ளங்கையளவு. பன்னிரண்டாவது பெட்டியில் வைத்திருந்தார்களாம். டார்வின் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஜெனிட்டா வேலைக்குப் போனாள், வந்தாள். சோறு இறங்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நாற்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, மெற்றில்டா பின்வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. ஜெனிட்டா அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கயிறு அறுந்து போகல. நான்தான் வெட்டச் சொன்னேன்."

மெற்றில்டாவின் கை நிற்கவில்லை.

"மீட்புப் படகு வருதுன்னு சொன்னேன். வரல. வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அத்தான் என்னய நம்பி…"

மெற்றில்டா அண்டாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். தேய்த்து முடித்துத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். கயித்த வெட்டிட்டு அவிய எனக்குப் போன் பேசுனாவ. நீங்க கடல்ல நட்டு வச்சிருக்கியளே, மேடை, அதுல டவர் இருக்குல்லா? அதனால கிடைச்சுது. நாலு நிமிஷம் பேசுனாவ. பெறவு போன் நனைஞ்சுட்டு போல."

ஜெனிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகு வராதுன்னு அவியளுக்குத் தெரியும்டி. காலைல புஷ்பலதாவக் கொண்டு எறக்குனாவல்லா, அப்ப தொறமொகத்துல அந்த ரெண்டு மீட்புப் படகையும் லாரில ஏத்துறதுக்குக் கூடமாடக் கை குடுத்ததே அவியதான். லாரி வெள்ளத்துக்குள்ள போறதப் பாத்துட்டுத்தான் கெளம்பியிருக்காவ. நீ வருதுன்னு சொன்னதும் பொய்யின்னு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா வெட்டுனாவ?"

"புள்ளைங்க கெடக்குன்னு சொன்னல்லா. அந்தப் பெட்டியெல்லாம் அவிய காலைல கண்ணால பாத்துட்டு வந்தவிய." மெற்றில்டா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "ஜெனி சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும், அத நீ அவகிட்ட மூச்சு விட்ராத, பாவம் சின்னப்புள்ள, ஒடைஞ்சு போயிருவான்னு சொன்னாவ. நானும் சத்தியம் பண்ணுனேன். இன்னைக்கு நீயா வந்து சொல்லுத. எனக்கும் இதச் சொமக்க முடியலட்டி."

ஜெனிட்டா அழவில்லை. தன்னை நம்பி ஒருவர் செத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அதுகூட இல்லை.

"நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தாலும் வெட்டியிருப்பாவளா அக்கா?"

"வெட்டியிருப்பாவ. அதுதான் எனக்கு ஆறல. நீ நெசத்தச் சொல்லியிருந்தா அவிய ஒங்கிட்ட ரெண்டு வார்த்த பேசியிருப்பாவ. என்ன செய்யணும், ஏது செய்யணும்னு. ஒரு மனுஷன்கிட்ட பேசுற மாதிரி நீ பேசியிருக்கலாம்."

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள்.

"இப்ப நீ எனக்கு ஒரு நெசத்தச் சொல்லு" என்றாள் மெற்றில்டா. "ஒரே அலைல முடிஞ்சுட்டுன்னு சொன்னியே. அது பொய்தான?"

"பொய்தான்."

"போன் நாலு நிமிஷத்துல நின்னுட்டு. பெறவு எம்புட்டு நேரம் இருந்தாவ?"

ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். "கயித்த வெட்டுனதுலருந்து முப்பத்தெட்டு நிமிஷம்."

மெற்றில்டா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன கேட்டுது?"

"காத்துல பேசுறது கேபிளுக்குக் கேக்காதுக்கா. வள்ளத்துல தட்டுறது, ஒரசுறது மட்டுந்தான் தண்ணி வழியா வரும். தகரம் ஒரசுற சத்தம். ஒரசும், நிக்கும். மறுபடியும் ஒரசும். நடுவுல ஒரு அலை வந்து அடிச்சு நின்னு போச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மறுபடியும் ஆரம்பிச்சுது. மொதல்ல எனக்கு என்னன்னு புடிபடல. பெறவுதான் தெரிஞ்சுது. டப்பாவ வச்சு உள்ள ஏறுன தண்ணிய எறைச்சுக்கிட்டு இருந்தாவ."

"எதுவரைக்கும்?"

"கடேசி வரைக்கும்."

மெற்றில்டா கவிழ்த்த அண்டாவின் மேல் இரண்டு கையையும் வைத்து, அப்படியே இருந்தாள். வெயிலில் அதன் ஈரம் காய்ந்து கொண்டிருந்தது. அவள் பேசியபோது குரல் கேட்கவே கேட்கவில்லை, உதடு அசைந்ததை வைத்துத்தான் ஜெனிட்டா புரிந்துகொண்டாள்.

"வராதுன்னு தெரிஞ்ச மனுஷன் எதுக்குட்டி எறைக்கணும்? லாரில ஏத்திவிட்டது அவியதான், இல்லங்கல. ஆனாலும் ஜெனி சொல்லியிருக்காளே, ஒருவேள நெசமா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சிருக்காவ."